மூன்றாவது தட்டு

பத்திரிகைகள் அதை மரணத்தின் தட்டு என்றன.
ஒரு பேராசிரியர் விதி என்றார், பத்துப் பக்கத்துக்கு.
எம்ரிஸ் ப்யூ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்
"உங்களுக்கே தெரியும்" என்று சிரித்துவைப்பான்.
உண்மையைச் சொன்னால்
ராயல்டி குறைந்துவிடுமோ என்று பயம்.
எனக்கென்ன, நான் வெறும் டிரம்மர்.

வேல்ஸில், போர்ட் டால்பட்டில்,
உருக்காலைக் கரி துணிக்கொடிவரை வந்து படியும் தெரு.
எழுபதாம் வருஷ நவம்பர், ஞாயிறு மதியம், மாடியறை.
இரவல் டேப் ரெக்கார்டர்
மறுநாள் காலை திரும்பிப் போகவேண்டும்.
"செவ்வாய் வரை பொறு" என்று எம்ரிஸ் அலறியது
காதலியிடம் அல்ல,
வாடகை கேட்ட வீட்டுக்காரரிடம்.

பதினோராம் தடவை.
இரண்டாம் சரணம் முடிந்து
மூச்சு வாங்க அவன் நிறுத்திய இடத்தில்
சுவர் பேசியது:
டொக். டொக்.

டொக்.

பக்கத்து வீட்டு க்ளெனிஸ்.
ராத்திரி ஷிஃப்ட் முடித்த புருஷன் இப்போதுதான் கண்ணயர்ந்தான்,
பாவிகளா, போதும் என்று அர்த்தம்.
நிறுத்தினோம்.
டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போட்டுக் கேட்டபோது அந்த மூன்றாவது தட்டு
தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது.
பாட்டுக்கே முதுகு சில்லிட்டது.
அழிக்க மனசு வரவில்லை.
எட்டு லட்சம் தட்டுகள் விற்றன.

அப்புறம் இருபத்தாறு வருஷம்
ஹாம்பர்க், ஒசாகா, டென்வர்
எங்கே போனாலும் அந்தத் தட்டு என் தலையில்.
முந்தினால் எம்ரிஸ் மேடையிலேயே திரும்பி முறைப்பான்.
ரொம்பப் பிந்தினால்
ஒத்திகையில் காலி புட்டி பறந்து வரும்.
மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன்.
டாக்டரிடம் மணிக்கட்டைக் காட்டினேன்.
நாற்பதாயிரம் பேர் ஒன்றாகக் கைதட்டினார்கள்,
அவர்களுக்கும் வரவில்லை.

போன மார்ச்சில் கடை வரிசையில் எனக்கு முன்னால் க்ளெனிஸ்.
கூடையில் பூனைத் தீனி, இரண்டு எலுமிச்சை.
கேட்டேவிட்டேன்.
யோசித்தாள்,
கல்லாவில் இருந்த பையன் இருமுகிறவரை.

"இடுப்பில் சின்னவன் இருந்தான்.
அப்போதே நல்ல கனம்.
இரண்டு தட்டு தட்டினேன்.
கை ஓய்ந்தது,
அவனை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு
இன்னொன்று."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி
உருளைக்கிழங்கு மூட்டையை இடது இடுப்பில் ஏற்றினேன்.
எழுபத்தேழு வயசு, முட்டி முனகியது.
டொக். டொக்.
மூட்டையை வலப்பக்கம் மாற்றி

டொக்.

எம்ரிஸ் இருந்திருந்தால்
திரும்பிப் பார்த்திருக்கமாட்டான்.