மைலோ டின்

எங்கள் ஊரில் கோடைக்கென்று தனி மாதம் கிடையாது.
வருஷம் முழுக்க வெயில்,
பொழுது சாயும்போது ஒரு மழை.
பள்ளிக்கூடம் பூட்டுகிற ஜூன் விடுமுறைக்கு
நாங்களாகத்தான் கோடை என்று பேர் வைத்தோம்.

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
விடியற்காலை ஐந்தரைக்கு வேன் நிற்கும்.
நான்கு குடும்பம், பதினாறு தலை,
ரொஹானியின் மடியிலிருக்கும் பேரனோடு பதினாறரை.
தவமலர், தேவகுஞ்சேரி, நான்
ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.
ரொஹானிக்குப் பள்ளி வேறு,
குளித்த வாய்க்கால் ஒன்று.

ஏறியதும் மைலோ டின்னை மடியில் வைத்துக்கொள்வேன்.
செம்பனை ஆலையில் லாரி எடை எழுதுகிறவள் நான்,
கணக்கு என்னிடம்தான் வந்து சேரும்.
சட்டம் சின்னது:
கடன், வியாதி, மருமகள்
எதைப் பேசினாலும் ஒரு வெள்ளி.
மருமகனுக்கு ஐம்பது காசுதான்,
பாவம், பின் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோலப்பிலா தாண்டுமுன் தேவகுஞ்சேரிக்கு ஏழு வெள்ளி போய்விடும்.
புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்க
ஆசாம்போய் பொட்டலம் கைமாறும்.
அப்புறம் ஒரு திருப்பத்தில்
யாராவது ஒரு பொடியன் கத்துவான்:
கடல்!
பார்த்தால் அது யாரோ வீட்டு நீலத் தகரக் கூரை.
வருஷா வருஷம் அதே கூரை,
வருஷா வருஷம் நாங்களும் எட்டிப் பார்க்கிறோம்.

போர்ட்டிக்சன் தண்ணீர்
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றிபோல வெதுவெதுப்பு.
புளிச்சோறு, நாசி லெமாக்,
எங்களுக்காக ரொஹானி கோழியில் செய்த ரெண்டாங்.
இந்த வருஷம் ஒரு விசேஷமும் இருந்தது:
வேன் ஓட்டி வந்த குப்புலிங்கத்துக்கு அறுபது.
கோயிலில் கல்யாணம் வைக்கக் கையில் இல்லை,
கடலில் வைத்தோம்.
தேவகுஞ்சேரியை இழுத்து அவர் பக்கத்தில் உட்காரவைத்து,
ரொஹானி கட்டிவந்த கெனாங்கா மாலையைப் போட்டு,
பிள்ளைகளின் பிளாஸ்டிக் வாளிகளில்
பதினாறு வாளி உப்புத் தண்ணீர்.
முதல் வாளி தவமலர் ஊற்றினாள்.
மூக்குக்கண்ணாடி அலையோடு போனதில்
மாப்பிள்ளை மூன்று தடவை
வேறு யாருக்கோ மாலை மாற்றப் பார்த்தார்.

தவமலர் தலையில் நீலத் துணி.
ரொஹானிதான் கட்டிவிட்டாள்,
ஊசி குத்துவது தெரியாமல் குத்த அவளுக்குத்தான் தெரியும்.
எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.
கேட்டால் ஒரு வெள்ளி என்று
சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.
நோட்டில் அவள் பேருக்கு நேரே
சாயங்காலம் வரை ஒரு கோடுகூட இல்லை.

திரும்பும்போது, சிரம்பான் விளக்குக் கம்பத்தில் வேன் நின்றபோது,
பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.
ஐம்பது வெள்ளித் தாள்.
மடிப்பு கலையாமல்.
“போட்டுக்கோ. இப்ப நான் பேசப்போறேன்.”

ஆஸ்பத்திரி நாற்காலியின் நிறத்தில் தொடங்கினாள்.
குப்புலிங்கம் ரேடியோவை அணைத்தார்.
வளைவுகளில் பேசினாள், இறக்கத்தில் பேசினாள்,
நடுவில் ஒரு நர்ஸைப் போல நடித்துக் காட்ட
நாங்கள் சிரித்துத் தொலைத்தோம்.
தேவகுஞ்சேரி மட்டும் ஈர மாலையைப்
பிய்த்துக்கொண்டே வந்தாள்.
ஜுவாசே வந்ததும் தண்ணீர் கேட்டாள்.
குடித்தாள்.

“எவ்வளவு ஆச்சு?”

விரல் மடக்கி எண்ணுவதுபோல் பாசாங்கு செய்தேன்.
பதினெட்டு என்றேன்.
மீதியைத் தேடி டின்னுக்குள் கைவிட்டபோது
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
“முப்பத்திரண்டு இருக்கட்டும்டி.
அடுத்த ஜூன்ல பேசித் தீத்துக்கறேன்.”

திங்கட்கிழமை ஆலையில் முதல் லாரி வந்து நின்றது.
எடைக்கட்டத்தில்
கை தானாக முப்பத்திரண்டு என்று எழுதியது.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
அடித்துவிட்டுச் சரியான எடையை எழுதினேன்.