டயர்

ஆர்டர் தாளில் 'டயர்' என்றிருந்தது.
பைக் கம்பெனிக்கு என்று நினைத்து
சக்கரம் ஒன்று வரைந்தே வைத்திருந்தேன்.
வந்த கோப்பில் கடல்.
சாய்ந்த தூண்கள், இடுப்பளவு நீரில் ஒரு மதில்,
எந்தக் காலத்திலோ எந்த வெள்ளைக்காரனோ
கப்பலிறங்கி, குடைக்கடியில் உட்கார்ந்து கீறியது.

"டயர் இல்லீங், அது தீரு. பைபிள்ல வருது"
என்றாள் செக்கிங் மார்த்தாள்.
"சாயப்பட்டறை ஊருங்.
கடல் நத்தையில ஊதா எடுப்பாங்களாம், ஊரே நாறுமாம்."
எங்கள் ஜன்னலுக்குக் கீழே நொய்யல்.
படத்தில் ஊதாவும் இல்லை, நாற்றமும் இல்லை.
கருப்பு மட்டும். ஒரு கலர் பிரிண்ட், நாலாயிரம் பீஸ்.

மெல்லிய கோடு மெஷ்ஷில் நிற்காது.
பாய்மரக் கயிறுகளை அழித்தேன்.
அலைகளில் பாதி. பறவைகள் எல்லாமே.
கவிழ்ந்த தூணின்மேல் வலை உலர்த்துகிறவன்
எறும்பளவு;
தூணின் பருமன் தெரியட்டும் என்று
நிறுத்தியிருக்கிறான் வரைந்தவன்.
பெயர் கேட்டிருப்பானோ என்னவோ.

வலை போயிற்று, கண்ணியெல்லாம் மயிரிழை.
கைகளை விட்டுவைத்தேன்,
கொஞ்சம் தடித்து.
இரண்டையும் நீட்டி
எதையோ பிடித்தபடி நிற்கிறான் இப்போது.

சாம்பிள் ஓகே ஆகிவிட்டது.