மிதவை

மொசெல் ஆறு இரண்டு தெரு தள்ளித்தான் என்றார்
கோப்லென்ஸ் வீட்டுத் தரகர்.
மண்ணுக்குள் அது எத்தனை தெரு தள்ளி என்று
நாங்கள் கேட்கவில்லை.

முதலில் சுவர் வேர்த்தது.
அப்புறம் அரிசி மூட்டையின் அடிப்பக்கம்
கைக்கு ஜில்லென்றது.
வியாழன் காலை
கெல்லரின் கடைசிப் படியைக் காணோம்.

இறங்கி நிற்கிறேன்.
முழங்கால் வரை, சத்தமே போடாத தண்ணீர்.
இடது கால் பூட்ஸ் ஒன்று மட்டும்
வாஷிங் மெஷினை வலம் வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரன் பம்பைத் தூக்கிவந்தான்.
டெட்லெஃப்.
ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான்
பெயர் கேட்டேன்.

டார்ச்சைத் திருப்பிச் சுவரைக் காட்டினான்.
பென்சில் கோடுகள்,
முன்பிருந்தவர்கள் போட்டவை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி.
பிள்ளைகளின் உயரம் என்றல்லவா
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
மேல் கோடு என் மார்புக்கு நேரே.

இரவெல்லாம் பம்ப் இருமியது.
மிதவை எழும், உறுமும்,
குழாய் முற்றத்தில் கக்கும், அடங்கும்.
குமுதா அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள்.

மூன்று மணி சுமாருக்கு அது நின்றது.
அந்த நிசப்தத்தில்
இருவருமே விழித்துக்கொண்டோம்.

வற்றிவிட்டதா, பழுதாகிவிட்டதா,
போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தேன்.

பென்சில் எடுத்துக்கொண்டு போ, என்றாள்.