சுழியால் நிரப்புதல்

அட்-பாஷியில் மாலை ஆறரைக்கு மின்சாரம் வரும்.
ஏழேகாலுக்குப் போய்விடும்.
இந்தக் குளிர்காலத்தின் ஒப்பந்தம் அது,
கையெழுத்துப் போட்டது யாரென்று தெரியவில்லை.
இடைப்பட்ட முக்கால் மணிக்குள்
நான் அனுப்பும் எந்திரம்
அங்கே ஒரு மடிக்கணினியில் இறங்கியாக வேண்டும்.
பிறகு பென் டிரைவில் ஏறி
மற்ற எட்டுப் பேரிடம் போகும்,
எல்லோரும் ஒரே தரையில் நின்று
இணையதளம் கட்டப் பழக.

எந்திரம் என்றால் இரும்பில்லை.
எந்திரத்துக்குள் எந்திரமாக நடிக்கும் ஒரு கோப்பு.
படிமம் என்போம் எங்கள் தொழிலில்.
கவிதைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

பிஷ்கெக்கில், நான்காவது மாடியில்,
என் மேசைமேல் அது நான்கு ஜிபி கனத்தது.
அந்த முக்கால் மணி தாங்குவது அறுநூறு எம்பி.

கூச்சமில்லாமல் எறிந்தேன்.
காதில்லாத எந்திரத்துக்கு ஒலி எதற்கு?
காகிதமே காணாததற்கு அச்சுப்பொறி எதற்கு?
யாரும் திறக்காத கையேடுகள்,
பழைய கெர்னல், அதற்கும் பழைய கெர்னல்,
நிறுவி முடிந்தும் கிடந்த பொதிகளின் உமி.
"கடிகாரத்தையாவது விட்டுவை பெர்மெத்"
என்றான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த ஜோல்தோஷ்.
விட்டுவைத்தேன்.

அடுத்து மொழிகள்.
நூற்றுக்கும் மேல், ஒரே வரிக் கட்டளையில்.
ஐஸ்லாந்தியம் போனது. சுலு போனது.
தமிழாம் ஒன்று, எந்த நாட்டில் பேசுவார்களோ, போனது.
கிர்கிஸ் போனபோது
நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அழித்தும் கோப்பு இளைக்கவில்லை.
வட்டில் அழித்தது எங்கும் போவதில்லை,
தன் முகவரியை மட்டும் தொலைத்துவிட்டு
உள்ளேயே படுத்திருக்கும்.
சுருக்கும் நிரல் அதையும் சரக்கென்று எண்ணி
மடித்து மடித்துத் தோற்கும்.
ஆகவே
காலியிடம் முழுக்கச் சுழி எழுதுவோம்.
சுழி, சுழி, சுழி,
இனி இடமில்லை என்று வட்டு கத்தும்வரை.
சிறிதாக்கும்முன் ஒருமுறை
ததும்பத் ததும்ப நிறைத்தாக வேண்டும்.
பிறகு கோடிச் சுழியும்
ஒரு மூச்சில் சொல்லிவிடும் ஒற்றைச் சொல்லாகும்.

ஐந்நூற்று எழுபத்து மூன்று.
மேசையில் தாளம் தட்டினேன்.
ஏழு பன்னிரண்டுக்குக் குறுஞ்செய்தி: இறங்கிவிட்டது.
ஏழேகாலுக்கு அங்கே இருட்டு.

மே மாதம் கணவாய் திறந்தது.
ஒன்பது பேரில் ஒருத்தி, ஆக்மரால்,
குதிரை வழிகாட்டிகளுக்குப் பதிவுப் பக்கம் கட்டி
அதே படிமத்தை அப்படியே சந்தைக்கு விட்டிருந்தாள்.
வரும் விருந்தினரைப் பெயர் வரிசையில் பங்கிடும்,
மேலிருந்து கீழாக.
மூன்று வாரம் கழித்து ஓமுர்சாக் கூப்பிட்டார்.
"என் குதிரை என்ன தப்புச் செய்தது?"

அவர் பெயரின் முதலெழுத்து சாதாரண ஓ இல்லை.
உதட்டைக் குவித்து நாக்கை முன்னே தள்ளும் ஓ,
ஒரு சுழி, குறுக்கே ஒரு கோடு.
ஓவுக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டியது
அகரவரிசையின் கடைசி எழுத்துக்கும் கீழே
தனியாக நின்றது.
அவரை எட்டும்முன் ஒவ்வொரு நாளும்
விருந்தினர் தீர்ந்துபோனார்கள்.
எந்திரத்தைக் கேட்டேன். பிழையில்லை என்றது.
சரிதான், மொழி போனபின் அதற்கு எண்தான் தெரியும்.
அந்த எழுத்தின் எண் பெரியது, அவ்வளவுதான்.

சுழியென்றே நினைத்துத்
தூர்த்திருக்கிறேன் அதையும்.

கிர்கிஸைத் திரும்ப வைத்தேன்.
பட்டியலை மறுபடி அடுக்கச் சொன்னேன்.
ஓமுர்சாக் நடுவே வந்து நின்றார்.
ஐந்நூற்று எழுபத்து நான்கு.
"ஒரு எம்பி ஏறியிருக்கிறதே, என்ன அது?" என்றான் ஜோல்தோஷ்.
"குதிரை" என்றேன்.

மற்ற மொழிகளை வைக்கவில்லை.
யாராவது கூப்பிட்டால் பார்க்கலாம்.
இன்னும் இருபத்தாறு எம்பி இருக்கிறது.