மூடி

தலைஞாயிறு தாண்டி ஒரு சி வாய்க்கால்.
சித்திரைக் கடைசி.
பொக்லைன் பல் இறங்கிய இடத்தில்
மண் அப்பளமாய் உடைந்தது. அடியில்
கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் குளிர்ச்சி.

நெருக்கமாய் நத்தைகள்.
எல்லாம் வாசலைச் சாத்தியிருந்தன,
நகம் நுழையாத பொருத்தம்.
அதற்கும் கீழே ஒரு நண்டு
வளைக்கு மண் அப்பி உட்கார்ந்திருந்தது;
நான் கூரையைப் பெயர்த்ததும்
காலை ஒருமுறை நகர்த்தியது, அவ்வளவுதான்.
வெயில் முடியும்வரை
செலவைச் சுருக்கிக்கொண்ட குடும்பங்கள்.
கொக்குகள் மட்டும் வாய் பிளந்து
தொண்டை படபடக்க
பக்கெட் பின்னாலேயே நடந்தன.

எனக்கு ஊர் கொளத்தூர், மேட்டூர் அணைக்குப் பக்கம்.
தண்ணீருக்கு முன்னால் வந்து சேர்ந்தவன்.
அணையில் நாற்பத்தோரு அடிதான், தெரியும்.
ஜூன் பன்னிரண்டு சந்தேகம், அதுவும் தெரியும்.
நத்தையிடம் சொல்லவில்லை.

ஒன்றை எடுத்து டிபன் மூடியில் வைத்து
கேன் தண்ணீர் ஊற்றினேன்.
டீ முடிந்தது. ஒரு பீடியும்.
ஒரு மூடித் தண்ணீரை நம்பித்
திறக்கிற கதவில்லை போல.

"போன வருசம் ஆகஸ்ட் வரைக்கும் அசையலை"
என்றார் லஸ்கர் மாசிலாமணி,
ஷட்டர் சாவியால் முதுகைச் சொறிந்தபடி.

கரையில், நிழல் விழும் பக்கம்,
ஈர மண்ணில் அழுத்தி வைத்தேன்.
மீட்டர் கணக்குக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.
நண்டை விட்டு ஒரு முழம் தள்ளி
பக்கெட்டை இறக்கினேன்.

நாளைக்கு டேப் பிடிக்கும்போது
அந்த ஒரு முழம் குறையும்.