எடை பார்க்காத வண்டி

செடார் ஆற்றங்கரை ஆலையில்
இரவு இரண்டரைக்குக் குழாயைக் கழற்றுவார்கள்.
இருபத்திரண்டு டன் பாகு
என் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கும்.
நிறமில்லை, மணமில்லை.
ஜனவரிக் குளிரில் கட்டி தட்டாமலிருக்கத்
தொட்டிக்குக் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்.
ஓட்டுகிறவனுக்கு ஒரு ஹீட்டர், அதுவும் இருமும்.

எல்லாம் சோளம்தான்.
ஆகஸ்டில் அயோவா நெடுஞ்சாலையை
இருபுறமும் மறித்து நிற்கிற அதே சோளம்.
மாவாகி, மாவு குளுக்கோஸாகி,
அதில் பாதியை ஒரு நொதி தொட
பிரக்டோஸாக உருமாறி
இன்னும் இனிக்கிறது.

நவம்பரில் ஒரு விடியற்காலை
வலது கால் பெருவிரல் தக்காளியாகச் சிவந்திருந்தது.
போர்வை நுனி பட்டதற்கே கத்திவிட்டேன்.
"பியரா, குபிசெக்?" என்றார் டாக்டர்.
தொடுவதில்லை என்றேன்.
"சோடா?"
பங்க் பங்காக நிறுத்தி நிரப்பும்
ஒன்றேகால் லிட்டர்க் கோப்பை
வெளியே வண்டியில்தான் இருந்தது.
லாரிக்காரர்களுக்குப் பாதி விலை.

ஸ்கேன் எடுத்தவள் செனாதா, போஸ்னியாக்காரி.
குளிர்ந்த கூழை வயிற்றில் தடவி
விலாவுக்கடியில் எதையோ தேடினாள்.
"முடிவை நான் சொல்லக் கூடாது" என்றாள்.
சொல்லவில்லை. திரையை மட்டும்
என் பக்கம் கொஞ்சம் திருப்பினாள்.
கறுத்துக் கிடந்தது சிறுநீரகம்.
அதன் பக்கத்தில்
பனி கொட்டிய வயல்போல வெளுத்து, மினுங்கி,
என் ஈரல்.

டாக்டர் சொன்னது அங்கே விளங்கவில்லை.
மினசோட்டா எல்லையருகே, எடைமேடை வாசலில்
வரிசையில் நிற்கும்போது விளங்கியது.

குளுக்கோஸ் ஒழுங்கான வண்டி.
ஈரலில் எடைமேடை ஏறும்.
"சரக்கு போதும்" என்றால் நிற்கும்.
தசைக்கும் மூளைக்கும் கொடுத்ததுபோக
மிச்சத்தோடுதான் வரும்.

பிரக்டோஸுக்குப் புறவழிச்சாலை.
முதலில் சிறுகுடல், சின்னதொரு சோதனைச் சாவடி.
மெதுவாக வந்தால்
பெரும்பாலும் அங்கேயே கணக்கு முடிந்துவிடும்.
ஓர் ஆப்பிளை மென்று தின்றால் அப்படித்தான் வருமாம்.
நான் எங்கே மென்றேன்?
பத்து மைலில் ஒரு கோப்பை உறிஞ்சினேன்.

சாவடி சாய்ந்து, சரக்கு நேராக ஈரலுக்குள்.
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு ஏடிபி
இறக்குகூலி, ரொக்கமாக.
நிறுத்து என்று சொல்ல அங்கே ஆளில்லை.
கல்லா காலியான பிறகும் மூட்டை வந்துகொண்டிருக்கும்.
செலவான காசின் உடைசல்
யூரிக் அமிலமாகி இரத்தத்தில் அலைந்து
ஒருநாள் கால்விரலில் ஊசி ஊசியாகப் படியும்.
மூட்டைகளோ
கொழுப்பாகிக் கிடங்கிலேயே தங்கும்.
இத்தனை அமளியிலும்
வயிற்றுக்கு நிறைந்த சேதி சரியாகப் போவதில்லை.
அடுத்த பங்கில் மறுபடி பசிக்கும்.

வடக்கே காடுகளில் கரடிகள்
இலையுதிர்காலம் முழுக்கப் பழம் தின்று கொழுக்கும்.
கரடிக்கு அது பிழையில்லை.
பனிக்காலம் வரும்; ஐந்து மாதம் சுருண்டு படுத்து
கிடங்கை எரித்துத் தீர்த்துவிடும்.
எனக்கும்தான் பனிக்காலம் வந்திருக்கிறது.
நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எடைமேடைக்காரன் கையசைத்தான்:
முப்பத்தாறு டன், சட்டத்துக்குள், போகலாம்.

ஆல்பர்ட் லீ பங்கில் வெர்லின் கேட்டாள்,
"வழக்கம்போலத்தானே?"
தண்ணீர் என்றேன்.
ஏறிட்டுப் பார்த்துவிட்டு
அதே காசை வாங்கிக்கொண்டாள்.
விலை கோப்பைக்குத்தானாம்.

தண்ணீரில் குடிக்க ஒன்றுமே இல்லை.
நாக்கு ஏமாந்த குழந்தைபோல மூலையில் கிடந்தது.

உணவுத் தொட்டிகளுக்கு உள்ளே
தடுப்புத் தகடு வைக்க மாட்டார்கள்,
கழுவ வசதியாக இருக்காது.
சிவப்பு விழுந்து நான் பிரேக்கை மிதித்தேன்.
வண்டி நின்றது.
ஒரு மூச்சு கழித்து
இருபத்திரண்டு டன் பாகும் வந்து முதுகில் மோதி
நின்ற வண்டியை
ஒரு சாண் முன்னே தள்ளியது.