தலைக்கு இரண்டு

பென்னாகரம் ரோட்டில்
சேலத்துக்காரர்கள் திறந்த ஒன்பதாவது கிளை.
ஆளைக் கண்டதும் கண்ணாடிக் கதவு விலகுகிறது.
எனக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தது.
துணிப்பையை வாங்கிக்கொண்டு
பதினேழு என்று எழுதிய தகட்டைத் தந்தார் காவலாளி.
உள்ளே பங்குனி இல்லை.

பட்டுக்கூடு அங்காடியில் எடை போடுகிறவன் நான்.
கைக்கு ஒரு கெட்ட பழக்கம்,
எதை எடுத்தாலும் ஒருமுறை தூக்கிப் பார்க்கும்.
பிஸ்கட் பொட்டலம் போன மாதத்துக்கு இளைத்திருந்தது.
விலை அசையவில்லை.
கேழ்வரகு மாவுப் பையில்
காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஒரு பெண் ஓடுகிறாள்.
களி கிண்டிய கையாகத் தெரியவில்லை.
தள்ளுவண்டியின் இடது சக்கரம்
சாக்லேட் பக்கமாகவே இழுக்கிறது.
இழுக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் எண்ணெய் வரிசை.
சூரியகாந்தி, லிட்டருக்கு இருபத்தொன்று குறைவு,
தலைக்கு இரண்டு மட்டும்.
அட்டைக்குக் கீழே நிற்கிறார் மாதப்பன்,
எங்கள் தெருமுனை மளிகைக்காரர்.
அவர் நோட்டில் என் பக்கத்தில்
அறுநூற்று நாற்பது நிற்கிறது.
சட்டென்று பினாயில் வரிசைக்குள் திரும்பினேன்.
அந்தக் கோடியிலிருந்து அவரும் திரும்பினார்.

"என்னங்க இந்தப் பக்கம்?"
கேட்டிருக்க வேண்டியவர் அவர்.
முந்திக்கொண்டு கேட்டது நான்.
"மொத்தக் கடையிலயே இந்த வெல இல்லப்பா"
என்றார், பினாயில் பாட்டிலிடம் சொல்வதுபோல.
வீட்டம்மா ஒரு வரிசையில்,
மச்சான் மகன் இன்னொன்றில்.
ஆறு சேர்ந்துவிட்டது.
"உன் தலையில ரெண்டு போடறியா?"

பில் போடும் பெண்ணின் நெஞ்சில் ஷர்மிளா என்றிருந்தது.
பை கட்டும் பையன் பச்சையம்மாக்கா என்று கூப்பிட்டான்.
பேட்ஜ், வேலையை விட்டுப் போனவளுடையதாம்.
போன் நம்பர் கேட்டாள், பாயின்ட் ஏறுமாம்.
மீதி ஒரு ரூபாய்க்குப் புளிப்பு மிட்டாய்.
சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில்:
இன்று நீங்கள் சேமித்தது ரூ. 42.
சேமித்தது என் பெயரில்.
எண்ணெய் மாதப்பனுடையது.

வெளியே வெயில் காத்திருந்தது.
எண்ணெய்க் காசைச் சில்லறையாக எண்ணித் தந்தார்,
சரியாக, ஒரு ரூபாய்கூடப் பிசகாமல்.
அறுநூற்று நாற்பதைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
என் பைக்குள் ஒரு கிலோ துவரம்பருப்பு,
ரொக்கம் கொடுத்து வாங்கியது.
பார்த்தார்.
பார்க்காதவர் மாதிரி டிவிஎஸ்ஸை உதைத்தார்.
அது மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.
அதுவரைக்கும் நான்
காவலாளி சீட்டில் போட்ட ஓட்டை வழியாக
ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி
அரூரிலிருந்து மைத்துனன் குடும்பம், சொல்லாமல்.
அடுப்பில் சட்டி காய்கிறது, எண்ணெய் இல்லை.
ஓடினேன்.
பாதிக் கதவைச் சாத்தியிருந்தவர்
குனிந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார்.
தள்ளுபடி ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில்
மஞ்சளாக ஒரு மூலை மிச்சம்.
கை தன்பாட்டுக்குத் தூக்கிப் பார்த்தது.
"என்ன?" என்றார்.
"ஒண்ணுமில்லங்க, எழுதிக்கங்க."